யாழ்ப்பாணத்திலிருந்து சர்வதேசக் குறுந்தூர ஓட்டம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கில் 100, 200, 400 மீற்றர் ஓடும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் பாடசாலைப் பொறுப்பாசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இவை.

என் மகனுக்கு 15 வயது. 100 மீற்றரை 11.2 செக்கனில் ஓடுகிறான். சர்வதேச மட்டத்துக்குப் போவானா?

அந்த 11.2 எப்படி எடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். கையால் நிறுத்தும் கடிகாரத்தில் எடுத்த நேரம் பெரும்பாலும் உண்மையை விடக் குறைவாகவே வரும். வெடிச்சத்தத்துக்கோ புகைக்கோ விரல் அசையச் சற்று நேரம் பிடிக்கும். முடிவுக்கோட்டிலோ ஓடிவருபவரைக் கண்டுகொண்டே விரல் தயாராக நிற்கும். அதனால்தான் 100, 200 மீற்றருக்குக் கை நேரத்துடன் 0.24 செக்கனும், 400 மீற்றருக்கு 0.14 செக்கனும் கூட்டி மின்னணு நேரத்துடன் ஒப்பிடுவார்கள். ஆக 11.2 என்பது 11.44.

அடுத்தது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் முதுகுப் பக்கமாகக் காற்று வாங்கி ஓடினால் யாருக்கும் நேரம் குறையும். செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் பின்காற்று இருந்தால் ஆண்களுக்கு 0.10 செக்கன் அளவில் இலாபம், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் கூட. 2.0க்கு மேல் காற்று இருந்தால் சாதனையாகவோ தகுதி நேரமாகவோ அந்த நேரத்தை ஏற்கமாட்டார்கள். எங்கள் பாடசாலைப் போட்டிகள் பலவற்றில் காற்றுமானி வைப்பதேயில்லை. எனவே மகனுடைய உண்மையான நேரம் 11.5க்குப் பக்கத்தில் இருக்கலாம். 15 வயதுக்கு அது நல்ல நேரம். ஆனால் அதைக்கொண்டு எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. 14, 15 வயதில் வெல்லும் பிள்ளைகளில் பலர் உடல் முந்தி வளர்ந்தவர்கள். மற்றவர்கள் வளர்ந்து வரும்போது அந்த இடைவெளி மூடிவிடும். பார்க்கவேண்டியது, ஒரே வகைக் கடிகாரத்தில் ஆண்டுக்கு ஆண்டு நேரம் இறங்குகிறதா, காயமில்லாமல் பருவத்தை முடிக்கிறானா என்பவற்றைத்தான்.

மின்னணுக் கடிகாரம் எங்களிடம் இல்லை. என்ன செய்யலாம்?

கைத்தொலைபேசி போதும். இப்போதைய பல தொலைபேசிகளில் செக்கனுக்கு 240 படங்கள் பிடிக்கும் மெதுகாட்சி வசதி உண்டு. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஏறத்தாழ 0.004 செக்கன். தடத்தில் 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நடுங்கள். அதற்கு முன் 30 மீற்றர் வேகமெடுக்க விடுங்கள். பக்கவாட்டில் குறைந்தது 15 மீற்றர் தள்ளி, இரண்டு கம்புகளுக்கும் நடுவே தொலைபேசியைத் தாங்கியில் நிறுத்துங்கள். நடுவே நிற்கும் தொலைபேசிக்குக் கம்பும் ஓடுபவரும் சாய்வாகத் தெரிவதால், கம்புகளை ஓடும் சுவட்டை ஒட்டியே நடவேண்டும். எட்ட நட்டால் கணக்குப் பிசகும். நெஞ்சு முதற்கம்பைத் தொடும் படத்திலிருந்து இரண்டாவதைத் தொடும் படம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். 20 மீற்றருக்கு 2.00 செக்கன் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர் வேகம்.

2009 இல் பேர்லினில் உசைன் போல்ற் 9.58 ஓடியபோது 60 முதல் 80 மீற்றருக்கிடையில் செக்கனுக்கு 12 மீற்றருக்கு மேல் போனார். ஒரு பிள்ளையின் உச்சவேகம் கூடாமல் அவருடைய 100 மீற்றர் நேரம் பெரிதாக இறங்காது. மாதம் ஒரு தடவை இதை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

உச்ச வயது எது? 20க்குள் வராவிட்டால் முடிந்ததா?

இல்லை. சுசந்திகா ஜயசிங்க 1975 இல் பிறந்தவர். 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீற்றர் வெள்ளி, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் பதக்கம், 2007 ஒசாக்காவில் 31 வயதில் வெண்கலம். சிட்னியில் 22.28 ஓடி மூன்றாவதாக வந்தவர், ஊக்கமருந்து எடுத்ததற்காக மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பின்னர் வெள்ளிக்கு உயர்ந்தார். யுபுன் அபேகோன் 9.96 ஓடித் தெற்காசியாவில் 10 செக்கனுக்குக் கீழே போன முதல் ஆணாக ஆனது 2022 ஜூலையில், 27 வயதில். லின்போட் கிறிஸ்டி 1992 இல் ஒலிம்பிக் 100 மீற்றரை வென்றபோது வயது 32.

இந்தக் கணக்கைப் பெற்றோர் மனதில் பதித்துவைக்க வேண்டும். 16 வயதில் பிள்ளையைப் பிழிந்தெடுத்து ஒரு கேடயம் வாங்குவதற்காக, 22க்கும் 30க்கும் இடையில் இருக்கும் உண்மையான ஓட்ட வாழ்க்கையை அடகு வைக்கக்கூடாது.

கோட்டத்திலிருந்து தேசிய அணிவரை எந்த வழியால் போகவேண்டும்?

இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் பிடிக்கவேண்டும். பாடசாலை வழி: இல்ல மெய்வல்லுநர் போட்டி, கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா. இதோடு பாடசாலைகளுக்கான சேர் ஜோன் டாபெட் மெய்வல்லுநர் போட்டியும் இருக்கிறது. மற்றையது கழக வழி: பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகத்தைப் பதிந்து பிரதேசம், மாவட்டம், மாகாணம் எனத் தேசிய விளையாட்டு விழாவுக்குப் போவது. இலங்கை மெய்வல்லுநர் சங்கம் நடத்தும் கனிஷ்ட, சிரேஷ்ட தேசியப் போட்டிகளில்தான் தெரிவாளர்களின் கண் இருக்கும். பாடசாலையை விட்டு விலகியவுடன் கழகம் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் பலர் அத்தோடு காணாமற் போகிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதும் முன்பே கழகத்தில் சேர்த்துவிடுங்கள்.

20 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 இல் உள்ள வயதே கணக்கு. ஜனவரியில் பிறந்தவருக்கு இது அனுகூலம், டிசம்பரில் பிறந்தவருக்கு இழப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார்களா?

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். உயரம் பாய்தலில் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேண் ஒலிம்பிக்குகளில் பங்குபற்றி, 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அண்மைக் காலத்தில் கோலூன்றிப் பாய்தலில் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனைகளை எழுதினார். பாய்தலில் இருக்கும் இந்தப் பெயர்கள் குறுந்தூர ஓட்டத்தில் இன்னும் இல்லை. காரணம் காலில் இல்லை, அடுத்த சில விடைகளில் இருக்கிறது.

ஒலிம்பிக்குக்கு எவ்வளவு ஓடவேண்டும்?

2024 பரிஸ் ஒலிம்பிக்குக்கான நேரடித் தகுதி நேரம் ஆண்கள் 100 மீற்றருக்கு 10.00, 200க்கு 20.16, 400க்கு 45.00. பெண்களுக்கு 11.07, 22.57, 50.95. இதை எட்டாதவர்களுக்கு உலகத் தரவரிசை வழி இருக்கிறது. 100 மீற்றரில் 12 மாதங்களுக்குள் பெற்ற மிகச் சிறந்த ஐந்து பெறுபேறுகளின் சராசரியை எடுப்பார்கள். ஒவ்வொரு பெறுபேற்றுக்கும் நேரத்துக்கு ஒரு புள்ளி, போட்டியின் தரத்தையும் பெற்ற இடத்தையும் பொறுத்து இன்னொரு புள்ளி. ஆகவே சிறிய போட்டி ஒன்றில் ஒரு தடவை பறப்பதை விட, தரமான போட்டிகளில் ஐந்து தடவை இறுதிக்கு வருவது பெறுமதியானது. இலங்கைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் புள்ளி சேராது. யுபுன் இத்தாலியில் தங்கிப் பயிற்சி எடுத்ததன் பலன்களில் இதுவும் ஒன்று: ஐரோப்பியப் போட்டிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

ஒரு வாரப் பயிற்சி எப்படி இருக்கவேண்டும்?

இங்கே காணும் மிகப்பெரிய பிழை, வேகப் பயிற்சி என்ற பெயரில் களைப்புப் பயிற்சி கொடுப்பது. ஒரு நிமிட ஓய்வுடன் பத்து 100 மீற்றர் ஓடவிட்டால் பிள்ளை வியர்த்து விழும், ஆனால் வேகம் ஒரு துளியும் கூடாது. வேகம் நரம்பு பழகுவதால் வருவது. அதற்கு முழு ஓய்வு வேண்டும். முழுவேகத்தில் ஓடும் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீற்றருக்கு 3 நிமிடம், 60 மீற்றருக்கு 6 நிமிடம்.

17 வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதிரி வாரம். திங்கள்: புறப்பாடு, 10 முதல் 30 மீற்றர், எல்லாம் சேர்த்து 250 மீற்றருக்குள். செவ்வாய்: வலுப்பயிற்சி, மெதுவான சீரோட்டம். புதன்: உச்சவேகம், 30 மீற்றர் வேகமெடுத்து 20 மீற்றர் பறத்தல், நான்கு அல்லது ஐந்து தடவை. வியாழன்: ஓய்வு. வெள்ளி: 120 அல்லது 150 மீற்றர் மூன்று தடவை, இடையில் 10 முதல் 12 நிமிடம். சனி: வலுப்பயிற்சி, தாவுதல். ஞாயிறு: ஓய்வு. இரண்டு முழுவேக நாட்களுக்கு இடையில் 48 மணிநேரம் கட்டாயம். நேரம் முந்தியதை விட 3 வீதம் மெதுவானால் அன்றைய வேகப் பயிற்சியை அத்தோடு நிறுத்துங்கள். மீதியை முடித்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் தசை கிழிகிறது.

ரியூசன் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் ஓட்டத்தை நிறுத்தலாமா?

முழுதாக நிறுத்தவேண்டாம். காலை 5.45 முதல் 7 மணிவரை வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒருநாள் புறப்பாடு, ஒருநாள் உச்சவேகம், ஒருநாள் வலு. வேகம் இரண்டு மூன்று வாரத்தில் தேயத் தொடங்கிவிடும், ஆனால் சிறு அளவிலேயே அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எட்டு மாதம் விட்டுவிட்டு மெய்வல்லுநர் போட்டிக்கு இரண்டு வாரம் முன் மைதானத்துக்கு வருவதுதான் ஆபத்து.

தொடையின் பின்தசை அடிக்கடி பிடிக்கிறது. ஏன்?

கால் முன்னே வீசி நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன், பின்தசை நீண்டுகொண்டே இழுப்பைத் தாங்கவேண்டும். முழுவேகத்தில் மட்டும்தான் அந்தப் பாரம் முழுதாக வரும். மெதுவோட்டத்தாலும் குந்தி எழும்புவதாலும் தசை அதற்குப் பழகாது. வாடைக்காற்றும் மழையுமாக ஐப்பசி, கார்த்திகை, மார்கழி போய்விடும். மைதானத்தில் தண்ணீர் நிற்கும். பிறகு பொங்கலோடு இல்லப் போட்டி. மூன்று மாதம் முழுவேகம் காணாத பிள்ளை ஒரே நாளில் 100, 200, 400, நீளம் பாய்தல், அஞ்சல் ஓட்டம் எல்லாம் செய்யும். தசை கிழிவது அதிர்ஷ்டக்கேடு அல்ல, கணக்கு.

மழைக்காலத்திலும் வாரம் ஒருநாள் நீர் நிற்காத ஓர் ஒழுங்கையிலாவது 40 மீற்றர் நான்கு தடவை முழுவேகத்தில் ஓடவிடுங்கள். கூடவே, முழங்காலில் நின்று கணுக்காலை ஒருவர் பிடிக்க, உடலை மெல்ல முன்னே சாய்த்து இறங்கும் பயிற்சியை வாரம் இரண்டு நாள், ஐந்து முறை வீதம் இரண்டு தொகுதி செய்யுங்கள். பின்தசைக் காயத்தைக் குறைப்பதில் நன்கு ஆராயப்பட்ட பயிற்சி இதுதான்.

கிழிந்த அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் எண்ணெய் போட்டு அழுத்தி உருவக்கூடாது. முறிவு நெரிவு வைத்தியரிடம் போவது எங்கள் ஊர் வழக்கம். நல்ல அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். ஆனால் புதிதாகக் கிழிந்த தசையை அழுத்தினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும், சில வேளை அந்த இடத்தில் எலும்புபோல் கட்டியும் விடும். முதலில் ஒரு வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள். நோவில்லாமல் நடத்தல், மெதுவோட்டம், 60, 75, 90 வீத வேகம் என்று படியேற வேண்டும். 90 வீத வேகத்தில் இரண்டு நாள் நோவில்லாமல் ஓடும்வரை போட்டி வேண்டாம்.

புல்லில் நன்றாக ஓடும் பிள்ளை கொழும்பில் சுகததாச அரங்கில் ஏன் சோர்ந்துபோகிறது?

செயற்கைத் தடம் உதைத்த விசையைக் கெதியாகத் திருப்பித் தரும். கால் நிலத்தில் நிற்கும் நேரம் குறையும். புல்லில் பழகிய கெண்டைக்காலும் குதிநரம்பும் அந்த அடியை ஏற்கத் தயாராக இல்லாததால் முதல்நாள் வேகமாகத் தோன்றும், இரண்டாம் நாள் காலைத் தூக்க முடியாது. இறுதிப்போட்டி பெரும்பாலும் இரண்டாம் நாளில்தான் வரும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவுப் பேருந்துப் பயணம் வேறு.

குறைந்தது இரண்டு நாள் முந்திப் போய், முதல்நாள் சாதாரண சப்பாத்துடன் நான்கு சீரோட்டம், மறுநாள் ஸ்பைக்ஸுடன் (அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து) 30 மீற்றர் மூன்று தடவை என்று பழக்குங்கள். ஊரிலேயே கயிறடித்தலும் இருகாலால் சிறு தாவல்களும் கணுக்காலை இறுக்கும். இவை செலவில்லாதவை, ஆனால் அனேகர் செய்வதில்லை.

ஸ்பைக்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

செயற்கைத் தடத்தில் ஆணி 9 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. சில அரங்குகள் 6 அல்லது 7 மி.மீ. மட்டுமே விடும். ஊர்ப் புல்லுக்கு 9 அல்லது 12 மி.மீ. போடலாம், ஆனால் கொழும்புக்குப் போகமுன் கழற்றி மாற்றவேண்டும். ஆணியின் திருகில் மண் இறுகிப் போட்டியன்று கழற்ற முடியாமல் அழும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்துச் சிறிது எண்ணெய் பூசி மாட்டுங்கள். குறுந்தூரத்துக்கான சப்பாத்தின் அடித்தடிப்பு 20 மி.மீ.ஐத் தாண்டக்கூடாது. 16 வயதுக்குட்பட்டவருக்கு விறைத்த கரியநார்த் தட்டு வைத்த விலைகூடியது வேண்டாம், கெண்டைக்கால் அதைத் தாங்காது.

புளொக்கை எப்படி வைப்பது?

புளொக் என்பது புறப்படும்போது கால்கள் உதைத்துத் தள்ளும் இரண்டு பலகைகள். கோட்டிலிருந்து முன்பலகைக்கு ஏறத்தாழ இரண்டு பாத அளவு, பின்பலகைக்கு மூன்று பாத அளவு. அங்கிருந்து ஒரு விரற்கடை முன்பின் மாற்றிப் பாருங்கள். 'செற்' நிலையில் இடுப்பு தோளை விடச் சற்று உயர்ந்து, முன்முழங்கால் 90 பாகையளவிலும் பின்முழங்கால் 120 முதல் 130 பாகையிலும் இருந்தால் சரி. 200 மீற்றரில் புளொக்கைச் சுவட்டின் வெளிப்பக்கமாக வைத்து, உட்கோட்டை நோக்கிச் சரித்துவிடுங்கள். முதல் சில அடிகள் நேர்கோட்டில் கிடைக்கும்.

இன்னொன்று முக்கியம். பாடசாலைப் போட்டிகளில் தொடக்குநர் பலர் ஒரே தாளத்தில் சுடுவார்கள். பிள்ளைகள் சத்தத்தைக் கேளாமல் தாளத்தை ஊகித்துப் பாயப் பழகிவிடுகிறார்கள். சர்வதேசப் போட்டியில் புளொக்கில் உணரி இருக்கும். வெடி கேட்டு 0.100 செக்கனுக்குள் அழுத்தம் மாறினால் அது பிழைத்தொடக்கம், 2010 முதல் முதற்பிழைக்கே வெளியேற்றம். பயிற்சியில் 'செற்' சொல்லி ஒரு தடவை ஒன்றரைச் செக்கனிலும் இன்னொரு தடவை மூன்று செக்கனிலும் கைதட்டுங்கள்.

மகள் வயதுக்கு வந்த பிறகு ஓடலாமா?

ஓடலாம். மாதவிடாய் நாட்களில் ஓடுவதாலும் எந்தக் கேடும் இல்லை. வயிற்றுவலிக்கு வைத்தியர் தரும் மெபனமிக் அசிட் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டவேண்டும். இரும்புச்சத்தை ஆண்டுக்கொரு தடவை இரத்தப் பரிசோதனையில் பாருங்கள். நீளக் காற்சட்டை அணிந்தும் ஓடலாம், எந்த விதியும் தடுக்கவில்லை. பயிற்சிக்குத் தாயோ அக்காவோ கூடப் போவதை ஒழுங்காக்கினால் வீட்டில் மறுப்பு குறையும். உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுவோருக்கு வாழ்நாளில் ஒரு தடவை பாலினத்தை உறுதிசெய்யும் மரபணுச் சோதனை 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதையும் அறிந்துவையுங்கள்.

சாப்பாடு?

உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 முதல் 2 கிராம் புரதம். 60 கிலோப் பிள்ளைக்கு 100 கிராம் அளவு வரும். இரண்டு முட்டை 12 கிராம், உள்ளங்கையளவு மீன்துண்டு 20 முதல் 25 கிராம், ஒரு கோப்பை அவித்த கௌபி 13 கிராம் அளவில் தரும். புட்டும் இடியப்பமும் நல்ல மாச்சத்து, ஆனால் சம்பலோடு மட்டும் சாப்பிட்டால் புரதம் எங்கேயிருந்து வரும்? போட்டிக்கு மூன்று மணிநேரம் முன் வயிறு பழகிய சாப்பாட்டையே கொடுங்கள். புரதமாவுப் பேணிக்குக் காசு கொடுப்பதை விட மீனுக்குக் கொடுங்கள்.

ஊக்கமருந்து பற்றி நாங்கள் ஏன் கவலைப்படவேண்டும்? பிள்ளை எதுவும் எடுப்பதில்லையே.

உடலில் என்ன கிடைத்தாலும் பொறுப்பு ஓடியவருடையதே. வேண்டுமென்று எடுத்தாரா, தெரியாமல் எடுத்தாரா என்பது தண்டனையின் அளவை மட்டும்தான் மாற்றும். வேண்டுமென்று எடுத்ததாகத் தீர்மானித்தால் நான்கு ஆண்டு தடை.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து மூன்று வழியால் வரும். மூச்சிழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் குளிசை போட்டிக்காலத்தில் தடை. தடிமனுக்கான சில குளிசைகளில் உள்ள சூடோஎபெட்ரின் போட்டியன்று அளவு மீறினால் தடை. மூன்றாவது, உள்ளடக்கம் எழுதாத லேகியமும் உடற்பயிற்சி நிலையத்தில் கைமாறும் பேணியும். வைத்தியரிடம் போகும்போதே "நான் போட்டியில் ஓடுபவர்" என்று சொல்லி, மருந்தின் பெயரை இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடம் சரிபாருங்கள். நோய்க்குக் கட்டாயம் வேண்டுமென்றால் சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். தடைப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 இல் புதுப்பிக்கப்படும். போன ஆண்டு விட்ட மருந்து இந்த ஆண்டும் விடும் என்று இருக்கவேண்டாம்.

இதில் வருமானம் உண்டா?

உச்சியில் உண்டு. உலகப் போட்டியில் முதலிடத்துக்கு 70,000 அமெரிக்க டொலர், எட்டாம் இடத்துக்கு 5,000. அதற்குக் கீழே பெரும்பாலானோருக்கு ஓட்டத்தால் மட்டும் சீவிக்க முடியாது. தேசிய அணியில் பலர் முப்படைகளிலும் பொலிசிலும் வேலையோடு ஓடுகிறார்கள். அந்த வழி வேண்டாமென்றால் உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு உத்தியோகத்தர், விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் என்பன நடைமுறையானவை. தேசிய மட்டச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள். பல்கலைக்கழகச் சிறப்பு அனுமதிக்கும் வேலைக்கும் அவை வேண்டிவரும்.

முதல் வெளிநாட்டுப் போட்டிக்கு என்ன ஆயத்தம்?

கடவுச்சீட்டை 16 வயதிலேயே எடுத்துவையுங்கள். தெரிவாகிவிட்டுப் புத்தகம் இல்லாமல் நிற்பது பரிதாபம். ஸ்பைக்ஸையும் உடுப்பையும் கைப்பையில் வைத்து, ஆணியையும் திருகியையும் கழற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். பெட்டி தொலைந்தாலும் சப்பாத்து கையில் இருக்கும், ஆணியை அங்கே கேட்டு வாங்கலாம். நேரவலயம் மாறினால் ஒரு மணி வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று பழக விடுங்கள்.

அழைப்பறைக்கு ஓட்டத்துக்கு 20 முதல் 40 நிமிடம் முன்பே போகவேண்டும். தொலைபேசி, காதுக்கருவி எல்லாம் வாங்கிவிடுவார்கள். ஆணி அளப்பார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது உடல் குளிர்ந்துவிடும். ஊரில் சூடாக்கி உடனே ஓடிய பிள்ளைக்கு இது புதிது. எனவே பயிற்சியிலேயே சூடாக்கிய பின் 25 நிமிடம் உட்காரவைத்து, எழும்பி நான்கு தாவல், ஒரு 20 மீற்றர் புறப்பாடு, பிறகு ஓட்டம் என்று ஒத்திகை பாருங்கள்.

தனி ஓட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. அஞ்சல் ஓட்டம் பயன்படுமா?

தேசிய அணிக்குள் நுழைய அதுவே அகலமான வாசல். தனி ஓட்டத்துக்கு ஓரிருவரைத்தான் எடுப்பார்கள், 4×100க்கு மாற்று வீரர்களோடு ஐந்தாறு பேர் வேண்டும். வளைவில் நன்றாக ஓடுபவர், கோலைப் பிசகாமல் வாங்குபவர் என்றால் நேரத்தில் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் இடம் கிடைக்கும். கோலை மாற்றும் வலயம் 30 மீற்றர். வாங்குபவர் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி 22 முதல் 28 பாத அளவில் அடையாளம் ஒட்டி, வருபவர் அதைத் தொட்டவுடன் திரும்பிப் பாராமல் முழுவேகத்தில் புறப்பட வேண்டும். கோல் விழுவதற்குப் பெரும்பாலும் கை காரணமல்ல. அடையாளத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்டுப் பயத்தில் வேகத்தைக் குறைப்பதுதான் காரணம். பயிற்சியில் மெதுவாக மாற்றிப் பழகினால் அந்தப் பாத அளவு போட்டியில் பொய்த்துவிடும். வாரம் ஒருநாளாவது முழுவேகத்தில், ஸ்பைக்ஸோடு, நான்கு தடவை மாற்றுங்கள். காற்றின் திசை மாறினால் அடையாளத்தையும் ஒன்றிரண்டு பாதம் நகர்த்துங்கள்: வருபவருக்கு எதிர்காற்று என்றால் கிட்டவாக, பின்காற்று என்றால் எட்டவாக.